உறிஞ்ச மறுக்கும் மைக்ரோஃபைபர் டவலை மீட்க முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். சென்னை ஓஎம்ஆரில் அடுக்குமாடிக் குடியிருப்பு, கறுப்பு நிறக் கார், போன வருடம் வாங்கிய பன்னிரண்டு மைக்ரோஃபைபர் டவல்கள். ஆரம்பத்தில் நன்றாக இருந்தவை இப்போது விறைத்துவிட்டன. தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டே போகின்றன; கண்ணாடியைத் துடைத்தால் பிசுக்குக் கோடு விழுகிறது. கேட்டவர் இதுவரை அவற்றை வீட்டுத் துணிகளோடு சேர்த்து மெஷினில் போட்டு, வழக்கமான சலவைத் தூளும் கடைசியில் கம்ஃபோர்ட்டும் ஊற்றித்தான் துவைத்திருக்கிறார். அவற்றில் இரண்டு டவல்கள், காரின் பெயின்ட் மேல் செராமிக் கோட்டிங் (கண்ணாடி போல இறுகும் பூச்சு) போட்ட அன்று துடைக்கப் பயன்பட்டவை. மீட்க முடியுமா, புதிது வாங்குவதுதான் வழியா?

பெரும்பாலானவற்றை மீட்டுவிடலாம். ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு டவலுக்கும் என்ன ஆகியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மைக்ரோஃபைபர் கெட்டுப்போவது மூன்று வகையில். இழையின் மேல் ஏதோ படிந்திருக்கலாம், இது சரியாகும். சூட்டில் இழையே உருக்குலைந்திருக்கலாம், இது சரியாகாது. இழைகளுக்கு நடுவே கெட்டியான துகள் சிக்கியிருக்கலாம். இது பாதி சரியாகும், ஆனால் பெயின்ட் பக்கம் மறுபடியும் கொண்டுபோகக் கூடாது. நான் கோயம்புத்தூரில் டீட்டெய்லிங், அதாவது காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் வேலை செய்கிறேன். 'டவல் போச்சு' என்று கொண்டுவருபவர்களிடம் நான் பார்ப்பதில் பெரும்பகுதி முதல் வகைதான். மூன்றையும் ஒன்றாகப் போட்டு ஏதோ ஒரு வைத்தியம் செய்வதால்தான் எதுவும் தேறாமல் போகிறது.

இந்தத் துணி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டரும் நைலானும் சேர்ந்த இழை. பாக்கெட்டில் 80/20, 70/30 என்று போட்டிருப்பது இந்த இரண்டின் விகிதம். சிறிய எண் நைலானுடையது. 9,000 மீட்டர் நீள நூலின் எடை ஒரு கிராம் என்றால் அது ஒரு டெனியர். அதைவிட மெல்லியதைத்தான் மைக்ரோஃபைபர் என்கிறார்கள். ஆனால் மெல்லியதாக இருந்தால் மட்டும் போதாது. நல்ல டவலில் ஒவ்வொரு இழையும் தயாரிப்பின்போதே பிளக்கப்பட்டிருக்கும். சாத்துக்குடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சுளைகள் தெரியுமே, இழையின் குறுக்குவெட்டும் அப்படித்தான்: பாலியெஸ்டர் சுளைகள், அவற்றுக்கு நடுவே நைலான் சவ்வு, இரண்டுக்கும் இடையில் நுண்ணிய இடைவெளி. தண்ணீர் ஏறி உட்காருவதும் தூசி மாட்டிக்கொள்வதும் இந்த இடைவெளியில்தான். புது டவலை வறண்ட உள்ளங்கையால் தடவினால் தோலைப் பிடித்து இழுக்கும், இல்லையா? அந்தப் பிடிப்புக்குக் காரணம் பிளந்த இழையின் கூர்மையான ஓரங்கள்.

இப்போது கம்ஃபோர்ட் மாதிரியான துணி மென்மையூட்டிகளைப் பாருங்கள். அவற்றின் வேலையே இழையின் மேல் வழவழப்பான ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போவது. பருத்திச் சட்டைக்கு அது சுகம். மைக்ரோஃபைபரில் அந்தப் படலம் இடைவெளிகளை மூடிவிடுகிறது. அதனால்தான் தண்ணீர் உள்ளே போகாமல் மேலேயே முத்து முத்தாக நிற்கிறது, கண்ணாடியில் அந்தப் படலமே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து கோடாகிறது. காரில் போடும் வேக்ஸும் சீலன்ட்டும் இதே வேலையைச் செய்கின்றன. அவை பெயின்ட்டில் தண்ணீர் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டவை. துணியில் தங்கிவிட்டால் அங்கேயும் அதையேதான் செய்யும். விறைப்புக்குக் காரணம் வேறு. அது தண்ணீரின் உப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பரிசோதனை. டவல் முழுக்க உலர்ந்திருக்கும்போது சமதளத்தில் விரித்து, நாலைந்து சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே இறங்கிவிட்டால் படிவு இல்லை. சில நொடிகள் நின்று, விரலால் அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் படிவு இருக்கிறது, சரிசெய்யலாம். அடுத்தது தொடு சோதனை. டவலைப் புறங்கையில், முடிந்தால் உதட்டுக்குக் கீழே, மெதுவாக இழுத்துப் பாருங்கள். உள்ளங்கை காய்ப்பேறியது, அதற்குத் தெரியாது. மொத்தமாக வழுக்கிக்கொண்டு போனால் மென்மையூட்டியின் படலம். முழுத் துணியும் அட்டை மாதிரி விறைப்பாக இருந்து, கசக்கினால் இளகினால் உப்பு. எவ்வளவு கசக்கினாலும் நுனிகள் மட்டும் குத்துவது போலச் சொரசொரப்பாக இருந்தால் சூடு பட்டிருக்கிறது. போன் கேமராவின் மேக்ரோவில் பார்த்தால், நல்ல துணியில் இழைகள் தனித்தனியாக நிற்கும். சூடு பட்டதில் நுனிகள் சுருண்டு கட்டிகட்டியாக இருக்கும். துகள் சிக்கியதைக் கண்டுபிடிக்க, நல்ல வெளிச்சத்தில் டவலை மடித்து, அந்த மடிப்பை விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் கறுப்புக் கார் வைத்திருப்பவர் இதைத் தவிர்க்கவே கூடாது.

சிடியின் பின்பக்கத்தில் தேய்த்துப் பார்க்கும் சோதனை ரொம்பப் பிரபலம். சிடி பாலிகார்பனேட், காரின் கிளியர் கோட்டை (பெயின்ட்டின் மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சு) விட எளிதில் கீறல் விழும் பிளாஸ்டிக். அழுத்தித் தேய்த்தால் நல்ல டவலே அதில் கோடு போடும். எந்த டவல் மோசம் என்று இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான் அதன் மதிப்பு.

சரி, தண்ணீர். மைக்ரோஃபைபர் துவைப்பதைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதை இங்கே அப்படியே பின்பற்றினால் ஏன் சரிவருவதில்லை என்றால், அவர்கள் தண்ணீரைக் கணக்கில் எடுப்பதே குறைவு. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. கடற்கரையோரம் இருக்கிற போர்த் தண்ணீரும் சில லாரித் தண்ணீரும் இதைத் தாண்டுவது உண்டு. அதில் கரைந்திருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெண்மையான பிசுக்காகும். துணி உலரும்போது இழை நடுவே உப்பாக உறையும். கெய்சர் குழாயிலும் பக்கெட் ஓரத்திலும் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் டவலுக்குள்ளும் படிகிறது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு குழாய் உண்டு. சிறுவாணித் தண்ணீரில் அலசிய டவலையும் போர்த் தண்ணீரில் அலசிய டவலையும் பக்கத்தில் பக்கத்தில் காயப்போட்டால் சாயந்திரம் கையில் எடுத்தவுடனே வித்தியாசம் தெரியும். சென்னையில் அந்த வசதி இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பே கிடையாது. ஒரு கேனில் பிடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீரும் சரி. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை மட்டும் இதற்குத் தொடாதீர்கள்; வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது சோப்பு. சலவைத் தூளில் சோடா சாம்பல் நிறைய இருக்கும். கடினத் தண்ணீரில் அது கால்சியத்தோடு சேர்ந்து வெண்படிவாக இறங்கும். அதோடு, குளிர்ந்த தண்ணீரில் முழுதாகக் கரையாத தூள் இழைகளுக்குள் உட்கார்ந்துவிடும். சலவைக் கட்டி சோப்பு இன்னும் மோசம். பல கட்டிகளில் எடைக்காகவும் இறுக்கத்துக்காகவும் கால்சைட் போன்ற தாதுப்பொடி கலந்திருப்பார்கள். பெயின்ட்டைத் துடைக்கப் போகும் டவலில் கல்பொடியைத் தேய்ப்பதற்குச் சமம் அது. லிக்விட் டிடர்ஜென்ட்தான் வேண்டும். லேபிளில் கண்டிஷனர், சாஃப்ட்னர், டூ இன் ஒன் என்று ஏதாவது இருந்தால் அது வேண்டாம். மைக்ரோஃபைபருக்கென்றே தனியாக விற்கும் திரவங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, பாலிஷ் எண்ணெயை வேகமாக எடுக்கும். ஆனால் வாரத்துக்கு ஒரு காரைக் கழுவுகிறவருக்கு அது அவசியச் செலவு என்று சொல்ல மாட்டேன். வீட்டு மெஷினுக்கான சாதாரண லிக்விட் போதும், அளவு மட்டும் குறைவாக.

இனி மீட்கும் முறை. ஒரு பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர் சேர்த்தால் நம் ஊர் வெயிலுக்குச் சுமார் 50 டிகிரி வரும். கை வைத்தால் சுடும், ஆனால் கொப்பளிக்காது, அந்தச் சூடு. பத்து லிட்டர் வாளிக்கு இருபது முப்பது மி.லி. லிக்விட். வேக்ஸ், பாலிஷ் பட்ட டவல் என்றால் அழுக்கான இடத்தில் ஆல் பர்ப்பஸ் கிளீனரை நேரடியாகத் தெளித்து, துணியோடு துணியை வைத்து மெதுவாகக் கசக்கிய பிறகு வாளியில் போடுங்கள். பிரஷ் போட வேண்டாம், இழை பிய்ந்துவிடும். ஒரு மணி நேரம் ஊறட்டும். நடுவில் இரண்டு மூன்று முறை பிசைந்து விடுங்கள். மென்மையூட்டி படிந்த டவலாக இருந்தால் வாளித் தண்ணீர் கலங்கி வழவழப்பாக மாறும். அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் அதே போல ஊறவையுங்கள். கம்ஃபோர்ட் ஒரே துவையலில் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள், இரண்டு மூன்று முறை ஆகும்.

ஊறவைத்த பிறகு மெஷின். 40 டிகிரி, சிந்தெடிக் புரோகிராம், டிரம்மில் பாதிக்கு மேல் நிரப்பாமல், எக்ஸ்ட்ரா ரின்ஸ் ஆன் செய்து. அதற்கு முன்னால் ஒரு காரியம்: சோப்பு போடும் டிராயரைக் கழற்றிக் கழுவி, மெஷினைக் காலியாகச் சுடுதண்ணீரில் ஒரு முறை ஓட்டுங்கள். மென்மையூட்டி ஊற்றும் அறையில் எப்போதும் கொஞ்சம் தங்கியிருக்கும். இத்தனை பாடுபட்டு எடுத்ததை மெஷினே திருப்பிப் பூசிவிடும். செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம், இந்த வேலைக்கு அதுதான் இன்னும் வசதி. எத்தனை முறை அலசுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

அலசல்தான் இதில் முக்கால்வாசி. டவல் கெட்டுப்போகக் குறைவான சோப்பை விட அதிகமான சோப்புதான் பெரும்பாலும் காரணம். துவைத்து முடித்த டவல் ஒன்றைச் சுத்தமான தண்ணீர் உள்ள வாளியில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். நுரை வந்தால் இன்னும் அலசவில்லை என்று அர்த்தம். நுரை நிற்கும் வரை அலசுங்கள்.

உப்புப் படிவுக்கு அமிலம் வேண்டும். சோப்பு முழுக்கப் போன பிறகு, ஐந்து லிட்டர் தண்ணீருக்கு நூறு மி.லி. வெள்ளை வினிகர், அல்லது மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கிற சிட்ரிக் அமிலம் ஒரு டீஸ்பூன். பதினைந்து நிமிடம் வைத்து, கடைசியாக அந்த ஏசித் தண்ணீரில் அலசினால் விறைப்பு விட்டுவிடும். வினிகரைச் சோப்போடு சேர்த்து ஊற்றுபவர்கள் நிறையப் பேர். சோப்பு காரத்தன்மை உடையது, இது அமிலம். இரண்டும் ஒன்றை ஒன்று தணித்துக்கொண்டு எதுவும் உருப்படியாக நடக்காது. மாதம் ஒரு முறை போதும். வினிகர் வேக்ஸை எடுக்காது, மென்மையூட்டியையும் பெரிதாக எடுக்காது. அதன் வேலை உப்போடு முடிந்தது.

கொதிக்க வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேக்ஸ் உருகிவிடும் என்பது கணக்கு. கார் வேக்ஸில் இருக்கிற கார்னாபா உருகுவதே 82 டிகிரிக்கு மேல்தான். பாலியெஸ்டரோ 70, 80 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கிறது. நைலான் அதற்கும் முன்னாலேயே. இளகிய இழை கசங்கிய நிலையிலேயே ஆறினால் அந்தக் கசங்கல் அதில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். அதாவது வேக்ஸை உருக்கும் சூடு டவலையும் தீர்த்துவிடும். இஸ்திரி போடக் கூடாது, டிரையரில் ஹை ஹீட் வைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதே. குளோரின் ப்ளீச்சும் வேண்டாம், அது நைலானை அரிக்கும். வினிகர் ஊற்றிய வாளியில் ப்ளீச் கலந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிவரும், அது டவலை விடப் பெரிய ஆபத்து. மஞ்சள் கறை, பாலிஷ் கறை போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். உறிஞ்சினால் போதும், நிறம் எப்படி இருந்தால் என்ன.

உலர்த்துவது நிழலில். நேர் வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் புற ஊதாக் கதிர் நைலானைப் பலவீனமாக்கும். மொட்டை மாடியில் வேறொரு தொல்லை: பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் சிமென்ட் தூசி அத்தனையும் இந்தத் துணியில்தான் வந்து ஒட்டும், ஒட்டுவதற்கென்றே செய்த துணி அல்லவா. வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே கொடி கட்டி உலர்த்துங்கள், சீக்கிரம் காய்ந்துவிடும். பாதி காய்ந்ததும் இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக உதறினால் இழை நிமிரும். டிரையர் இருந்தால் சூடில்லாமல் இருபது நிமிடம் ஓட்டுவது இதைவிட நல்ல பலன் தரும்.

செராமிக் கோட்டிங் துடைத்த இரண்டு டவல்களுக்கு வருவோம். அவை போனவைதான். கோட்டிங்கில் இருக்கிற சிலிக்கா சார்ந்த பொருள், காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து கண்ணாடி போல இறுகும். பெயின்ட்டில் இறுகுவது போலவே டவலிலும் இறுகியிருக்கும். அது சோப்பில் கரையாது, இறுகிய துளிகள் கிளியர் கோட்டைக் கீறும். வீல் துடைக்கவாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்காதீர்கள். அலாய் வீலிலும் கிளியர் கோட்தான் இருக்கிறது. கோட்டிங் போடும் தொழிலில் இருப்பவர்கள் அந்த நாளுக்கென்று மலிவான குட்டை இழை டவல்களை எடுத்து, வேலை முடிந்ததும் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஸ்ப்ரே சீலன்ட் வகை அந்த அளவுக்கு மோசமில்லை, துடைத்த கையோடு தண்ணீரில் முக்கிவிட்டால் பிழைக்கும். டயர் பாலிஷின் சிலிக்கோன் எண்ணெயும் லேசில் விடாது. அதற்கு டவலே வேண்டாம், ஸ்பாஞ்ச் போதும். பெட்ரோல், தின்னர் பட்ட துணியை மெஷினிலோ டிரையரிலோ போடவே கூடாது. தீப்பிடிக்கும்.

காம்பவுண்ட் பாலிஷ் துடைத்த டவல் நடுத்தர ரகம். அதில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு போன்ற தேய்ப்புத் துகளும் எண்ணெயும். ஈரமாக இருக்கும்போதே ஊறவைத்தால் முழுக்க வந்துவிடும், ஒரு வாரம் காயவிட்டால் கெட்டியாகிவிடும். வேலை முடிந்ததும் துவைக்க நேரமில்லை என்றால் லிக்விட் கலந்த வாளியில் போட்டு வையுங்கள். ஒரு நாளைக்கு மேல் அப்படியே கிடந்தால் நாற ஆரம்பிக்கும், சென்னை ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

இனிமேல் துவைக்கும்போது பருத்தித் துணியோடு சேர்க்காதீர்கள். பனியன், பூத்துவாலையின் பஞ்சு அத்தனையும் மைக்ரோஃபைபரில் ஏறிவிடும், பிறகு கண்ணாடியில் இறங்கும். டவல்களுக்குள்ளேயும் பிரிவு வேண்டும்: பெயின்ட் துடைப்பது ஒரு லோடு, வீல், எஞ்சின், கதவு ஓரம் துடைப்பது வேறு லோடு. பிரேக் தூளில் இரும்புத் துகள் இருக்கும், அது மற்ற டவல்களுக்குப் போகக் கூடாது. நிறத்தை வைத்துப் பிரிப்பது எளிது. கறுப்பு வீலுக்கு, நீலம் பெயின்ட்டுக்கு என்று ஒரு முறை முடிவு செய்துவிட்டால் வீட்டில் யார் எடுத்தாலும் குழப்பம் வராது. கீழே விழுந்த டவல், எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், அன்றைக்குப் பெயின்ட்டைத் தொடக் கூடாது. காய்ந்தவற்றை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் திறந்தபடி கிடக்கும் டவல் துவைத்தும் பிரயோசனமில்லை.

ஆக, உங்கள் பன்னிரண்டில் கோட்டிங் துடைத்த இரண்டை இன்றைக்கே எறிந்துவிடுங்கள். மீதிப் பத்தில் மோசமான ஒன்றை மட்டும் எடுத்து மேலே சொன்னபடி செய்து, உலர்ந்ததும் சொட்டுச் சோதனை செய்யுங்கள். அது தேறினால் மற்றவையும் தேறும். உறிஞ்சுகிறது, ஆனால் புறங்கையில் குத்துகிறது என்றால் எஞ்சினுக்கோ பைக் செயினுக்கோ ஒதுக்குங்கள். பதிலாகப் புதிது வாங்கும்போது பெயின்ட்டுக்கு 350இலிருந்து 500 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரை, விளிம்பில் தையல் இல்லாதது, கண்ணாடிக்குக் குட்டை இழை அல்லது வாஃபிள் (கட்டம் கட்டமான) நெசவு, கழுவிய காரை உலர்த்த மட்டும் அதைவிடக் கனமானது. லேபிள் தைத்திருந்தால் பிரித்து எடுத்துவிட்டு, முதல் முறை பயன்படுத்தும் முன்னாலேயே ஒரு தடவை துவைத்துவிடுங்கள். புதுத் துணியிலும் சாயமும் உதிரிப் பஞ்சும் இருக்கும்.